ஆயில்யம் பிறக்காத ஆஸ்பத்திரி

பொன்மழலை மருத்துவமனையின் வரவேற்பறையில் மீன்தொட்டி இருந்தது, பளிங்குப் பிள்ளையார் இருந்தார், சுவர் அகலத்துக்குத் தொடுதிரை இருந்தது. உட்காரத்தான் போதிய நாற்காலி இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் சுவரில் சாய்ந்து நின்றபடி, திரையில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாட்சாயிணி எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அளந்து, மனதுக்குள் 'திருப்பி அனுப்பு' என்று முத்திரை குத்தினாள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் அந்த முத்திரையைக் குத்தியவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்த பிறகும் கை நிற்கவில்லை. இரும்புக்குப் பதில் இப்போது மனிதர்கள். இரும்பு எவ்வளவோ தேவலாம் என்பது அவள் கட்சி.

"யக்கா, மீனுக்கு ஏசி போட்டு வச்சிக்கிறானுங்க. நம்ம ஜனம் நின்னுகினே கீது" என்றான் கஜபதி. கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன்; இப்போது அவளுக்கு வண்டியும் அவன்தான், உதவியாளனும் அவன்தான். வாய் மட்டும் தனிச் சேவை. அதற்குக் கட்டணம் கிடையாது, நிறுத்தவும் பொத்தான் கிடையாது.

அவளுடைய கைபேசி அடித்தது. அம்பத்தூரிலிருந்து மாமியார். திரும்பி வரும்போது கரையான்சாவடிக் கடையில் கை முறுக்கு வாங்கி வர வேண்டும். போன தடவை மாதிரி மெத்தென்று இருக்கக் கூடாது, கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். தாட்சாயிணி சரி சரி என்று வைத்தாள்.

வந்த வேலை இதுதான். வேப்பம்பட்டிலிருந்து தினம் ரயிலேறி ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்து இங்கே வேலைக்கு வரும் நர்ஸ் லாவண்யா, நேற்று தாட்சாயிணியின் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். போன புதன்கிழமை இங்கே நிவேதிதா என்ற பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வியாழன் காலை குழந்தைக்கு மஞ்சள் காமாலை அளவு பார்த்தார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம். எவ்வளவு வந்தால் ஆபத்து என்பது, குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கைப் போட இங்கே 'தொட்டில்' என்றொரு ஆப். மருந்தளவு, பால் அளவு, மஞ்சள் கோடு எல்லாம் அதுவே சொல்லும். லாவண்யா எண்ணைத் தட்டினாள். 'மஞ்சளை இறக்க நீல விளக்கு தேவையில்லை' என்று ஆப் பச்சையாகச் சிரித்தது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை குழந்தை பால் குடிக்காமல் துவண்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் மாற்றிப் பிழைத்தது.

ஆப்பில் பிறந்த நேரம் தவறாக இருந்திருக்கிறது. குழந்தையின் வயது ஆறரை மணி நேரம் கூடிப்போனதால் ஆபத்துக் கோடு மேலே போய்விட்டது. பதிந்தவர் பெயர்: லாவண்யா. 'என் கவனக்குறைவே காரணம்' என்று எழுதி வைத்திருக்கும் கடிதத்தில் இன்று மாலை நாலு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் நர்சிங் கவுன்சிலுக்குப் புகார் போகும். நர்ஸ் என்ற பெயரே போகும். என்ன அருமையான தேர்வு.

நிர்வாகி வரதன் அவர்களை நிற்க வைத்தே பேசினார். ஆப் ஓடும் டேபைத் திருப்பிக் காட்டினார். பிறந்த நேரம்: செவ்வாய், இரவு 10.42. பிரசவ வார்டு நோட்டைக் காட்டினார். புதன், காலை 5.12. நோட்டு சரி, பெண் தட்டியது தப்பு, கேஸ் முடிந்தது என்று மூடினார்.

தேதி எப்படி மாறும் என்று தாட்சாயிணி கேட்டதற்கு, அவரிடம் பதில் தயாராக இருந்தது. விடிவதற்கு முன் பிறந்தால் நம் ஜனங்கள் முந்தின நாள் கணக்கில்தான் சொல்வார்கள். சொந்தக்காரர் யாரோ செவ்வாய் என்றிருப்பார்கள், இந்தப் பெண் அப்படியே தட்டிவிட்டது.

"ஆப் பொய் சொல்லாதும்மா" என்று முடித்தார்.

"சரி, தேதிக்குக் கதை இருக்கு. அஞ்சு எப்படி பத்தாச்சு? பன்னெண்டு எப்படி நாப்பத்திரண்டாச்சு? ஏ.எம். எப்படி பி.எம். ஆச்சு?" என்றாள் தாட்சாயிணி. "தப்புங்கறது சோம்பேறி சார். ஒரு எடத்துல தடுக்கி விழும். எழுந்து நடந்து போய் இன்னும் மூணு எடத்துல விழாது. ஒரு எடத்துல மாறியிருந்தா தப்பு. நாலு எடத்துல மாறியிருந்தா, அது வேலை."

வரதன் தனக்கு மீட்டிங் இருப்பதாக நினைவு வந்து எழுந்துகொண்டார். அவர் டேபை எடுக்கும்போது அதன் முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தெரிந்தது. நாலு எண்கள். ஆஸ்பத்திரியின் ரகசியக் குறியீடு, ஊரறிய.

வெளியே வரும்போது கஜபதி சுவரருகே நின்றுவிட்டான். ஒரு பக்கம், ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ராஜகுமாரி பொன்னாடை போர்த்திக்கொண்டு விருது வாங்கும் படம். பின்னால் பேனரில் 'சிங்கப்பூர், ஜூன் 10–15'. அதற்கு நேர் கீழே ஒரு தினசரிக் காலண்டர். இன்று திங்கள். காலண்டர் இன்னும் போன செவ்வாயிலேயே இருந்தது.

"மாமே, செல்லுல குழந்தைக்குக் கணக்கு போடுறானுங்க. காலண்டர் கிழிக்க ஆளில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிழிக்கப் போனான்.

"கையை எடு" என்றாள் தாட்சாயிணி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள். 'இன்று இரவு 10.49 வரை பூசம், பிறகு ஆயில்யம்.'

இன்னொரு முறை படித்தாள். 10.42. சும்மா பொய் சொல்கிறவன் பத்தரை என்பான், பதினொன்று என்பான். நாற்பத்திரண்டு என்று சொல்கிறவனுக்கு நாற்பத்தொன்பது தெரிந்திருக்கிறது. ஏழு நிமிடம் முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

"கஜா, பொண்ணு ஆயில்யத்துல பொறந்தா என்ன சொல்வாங்க?"

"மாமியாருக்கு ஆவாதும்பாங்க."

"எந்த மாமியாருக்கு?"

கஜபதி யோசித்தான். "இந்தக் கொழந்தை கட்டிக்கப்போற பையனோட அம்மா. அது இப்போ எங்கியாவது பள்ளிக்கூடத்துல படிச்சிகினு இருக்கும்." அவன் முகம் மெல்ல விரிந்தது. "இன்னா யக்கா இது. பிளஸ் டூ படிக்கிற மாமியாரைக் காப்பாத்த, பச்சக் கொழந்தைய மஞ்சளாக்கிட்டானுங்களா?"

செவ்வாய்க்கிழமைத் தாளை அவளே பத்திரமாகக் கிழித்துப் பைக்குள் வைத்தாள். குடும்பம் கெஞ்சியிருக்கும், காசு கைமாறியிருக்கும், யாரோ மாற்றியிருப்பார்கள். படித்த முட்டாள்கள் என்று நிவேதிதாவின் வீட்டாரையும் சேர்த்து முத்திரை குத்தினாள். லாவண்யாவிடம் இருந்த அந்த வீட்டு எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்க முகம் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள். தான் யார், எதற்காகக் கூப்பிட்டோம், இரண்டே வரியில் செய்தி அனுப்பிவிட்டு வண்டியில் ஏறினாள்.

*

'தொட்டில்' ஆப்பின் பிறப்பிடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு ஸ்க்ரூ கம்பெனிக்கு மேல்மாடி. ஸ்ரீகாந்த் என்ற இளைஞன் மூட்டை போன்ற இருக்கையில் புதைந்து கிடந்தான். அவர்களையும் மூட்டையில் உட்காரச் சொன்னான். தாட்சாயிணி நின்றாள். கஜபதி உட்கார்ந்து, எழ முடியாமல் கடைசிவரை அங்கேயே இருந்தான்.

தங்கள் கணக்கில் கடுகளவும் பிசகு வராது, மனிதர்கள் கொடுக்கும் எண் தப்பாக இருந்தால் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவன் ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே போனான். தாட்சாயிணி மூன்று கேள்வி கேட்டாள். ஒவ்வொரு நர்ஸுக்கும் தனி ரகசிய எண் உண்டா? இல்லை, வார்டுக்கு ஒன்று. டாக்டர் மேடம் சிம்பிளாகக் கேட்டார்கள். அப்படியானால் பெயர் எப்படி வருகிறது? ஷிஃப்ட்டில் கடைசியாக யார் பெயரைத் தேர்ந்தெடுத்தார்களோ அதுவே நிற்கும். ஒரு எண்ணை மாற்றினால் பழைய எண் எங்கே இருக்கும்?

"அது போயிடும் மேடம். புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு?"

தொழிற்சாலையில் அளவுப் புத்தகத்தில் யாராவது ரப்பர் வைத்து அழித்திருந்தால், அவள் அந்த லாட் முழுவதையும் திருப்பி அனுப்புவாள். அடிக்கலாம், அடித்தாலும் அடியில் பழைய எண் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பு படித்த ஃபிட்டருக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை. இவன் பட்டம் வாங்கிய கல்லூரியைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"உங்க ஆப்புக்கு நட்சத்திரம் தெரியுமா?" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. அதுதான் அவர்களுடைய சூப்பர் ஐட்டமாம். குழந்தையின் கால் ரேகை, எடை, பிறந்த நேரம், நட்சத்திரம் எல்லாம் போட்டுத் தங்க நிற அட்டை ஒன்று அச்சாகும். பிறந்த நேரத்தைக் கொடுத்தால் போதும், நட்சத்திரத்தை ஆப்பே கண்டுபிடித்துவிடும். டாக்டர் ராஜகுமாரியின் யோசனைதான். ஒவ்வொரு தாய்க்கும் மேடமே தன் கையால் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். மக்கள் கொண்டாடுகிறார்கள். மருந்துக் கணக்கும் சோதிடமும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதைப் பெரிய சாதனையாக விளக்கினான்.

தாட்சாயிணிக்கு ஒன்று புரிந்தது. அட்டையைத் திருத்தினால் வைத்தியமும் தடம் மாறிவிடும். அதைக் கட்டியவனுக்கு மட்டும் அது புரியவில்லை.

சாதனையின் அடுத்த பக்கத்தையும் அவனே திறந்தான். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்காகத் தயாரித்த வட்டப்படம். ஒரு வருடத்தில் பிறந்த குழந்தைகள், நட்சத்திர வாரியாக, ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ். பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும். வண்ண வண்ணமாகக் கேக் வெட்டினது போல இருந்தது.

மூட்டைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிய கஜபதிதான் முதலில் சொன்னான். "யக்கா, ரோஸ் கலர்ல ஆயில்யம் இன்னாத்துக்கு நோஞ்சானா கீது? பக்கத்துல பூசம் பிரியாணி துன்ன மாதிரி உப்பிகினு கீது."

ஸ்ரீகாந்த் எண்களைத் தட்டினான். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒரு நட்சத்திரத்துக்கு ஏழு, எட்டு. பூசம் பதினாலு. ஆயில்யம் ஒன்று. ஆண் குழந்தைகளில் மட்டும் ஆயில்யம் ஒழுங்காக எட்டு. கையோடு மூலத்தையும் பார்த்தார்கள். அங்கேயும் அதே கதை. பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் சொல்லும் நட்சத்திரத்தில், பொன்மழலையில் பெண்களே பிறப்பதில்லை.

"அந்த ஒண்ணே ஒண்ணு, ஆயில்யம், அது என்னைக்குப் பொறந்தது?"

ஜூன் பதின்மூன்று.

தாட்சாயிணி கண்ணை மூடினாள். பொன்னாடை, பேனர், சிங்கப்பூர். அந்த வாரம் திருத்த ஆள் ஊரில் இல்லை.

லாவண்யா அங்கே சேர்ந்து நாலு மாதம்தான். வட்டம் ஒரு வருடத்துக்கு. இதுவரை எந்தக் குழந்தையின் மஞ்சளும் கோட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தால் அன்றைக்கு வேறொரு நர்ஸ் அழுதிருப்பாள்.

வட்டப்படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள். அதற்கு அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தன் ஆப் யாரோ ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்ற பூரிப்பில், லேமினேஷன் வேண்டுமா என்றும் கேட்டான். கஜபதியை மூட்டையிலிருந்து பிடுங்கி எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

*

மணி மூன்றே முக்கால். டாக்டர் ராஜகுமாரியின் அறையில் லாவண்யா மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கடிதம், அதன் மேல் பேனா. யாரோ மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். அவ்வளவு கரிசனம். வரதன் கதவோரம் நின்றிருந்தார்.

டாக்டருக்குக் குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை. பதினெட்டு வருடம், ஐயாயிரம் பிரசவம், கைராசி என்று சொன்னால் பூந்தமல்லியில் ஆட்டோக்காரனே நேராக இங்கே கொண்டுவந்து விடுவான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"உட்டிருக்கேன் டாக்டரம்மா, நானே உட்டிருக்கேன்" என்றான் கஜபதி. "ராசியான ஆஸ்பத்திரின்னு ஊரே சொல்லும். ராசிய உள்ள வச்சு டைப் அடிக்கிறீங்கன்னு தெரியாது."

தாட்சாயிணி காலண்டர் தாளை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் வட்டப்படத்தை வைத்தாள். பூசத்தின் பதினாலையும், ஆயில்யத்தின் ஒன்றையும், ஜூன் பதின்மூன்றையும், வெளியே மாட்டியிருக்கும் படத்தின் தேதியையும் வரிசையாகச் சொன்னாள். டேபின் முதுகில் இருக்கும் எண்ணையும் சொன்னாள். லாவண்யா தலையைத் தூக்கி, அந்த ரோஸ் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் படத்தை ஒரு விரலால் தள்ளினார். இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒளிப்பதற்கில்லை என்பது போல ஒரு பெருமூச்சு. ஆமாம், அந்தக் குடும்பம் கெஞ்சியது. பெண்ணைப் பெற்றவர்கள், பயந்தார்கள், அழுதார்கள். அட்டையில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொடுங்கள் என்றார்கள். மனமிரங்கி, மாற்றித் தரும்படி லாவண்யாவிடம் சொன்னார். மாற்றியவள் அதைத் திரும்பச் சரியாக வைத்திருக்க வேண்டாமா?

"பொய் டாக்டர்" என்றாள் லாவண்யா.

கதை நன்றாகத்தான் இருந்தது. தாட்சாயிணி காலையில் நினைத்ததும் இதேதான்: குடும்பம் கேட்டிருக்கும். அந்த ஒரு செங்கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அம்மாள் நிற்கிறாள், அதை உருவ என்னிடம் ஒன்றும் இல்லையே என்று அவள் நினைத்த நேரத்தில் கைபேசி அடித்தது. நிவேதிதாவின் வீட்டு எண். ஸ்பீக்கரில் போட்டாள்.

மன்னிக்க வேண்டும், குழந்தையோடு வார்டில் இருந்ததால் போனை எடுக்க முடியவில்லை, இப்போதுதான் செய்தியைப் பார்த்தேன் என்றது ஓர் ஆண்குரல். குழந்தை கண் திறந்து பால் குடிக்கிறதாம். வீடு ஆவடி குவார்ட்டர்ஸில்தானாம். தங்கள் குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாருமே இதுவரை சொல்லவில்லையாம்.

"உங்க பேரு?" என்றாள் தாட்சாயிணி.

"இருதயராஜ்ங்க. நிவேதிதா வீட்டுக்காரர்."

வரதன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

தாட்சாயிணி நிதானமாகக் கேட்டாள். "சார், குழந்தை பொறந்த நேரத்தை மாத்திக் குடுக்கச் சொல்லி டாக்டரைக் கேட்டீங்களா? ஜாதகத்துக்காக?"

"ஜாதகமா?" அந்தக் குரல் குழம்பியது. "எங்க வீட்டுல அதெல்லாம் எழுதறது இல்லைங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவங்க நாங்க. டாக்டரம்மா ஒரு தங்கக் கலர் அட்டை குடுத்தாங்க. அதுல பூசம்னு போட்டிருந்தது. ஆஸ்பத்திரி ஸ்கீம் ஏதோன்னு நெனச்சு எடுத்து வச்சோம்."

அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். வைத்திருப்பதாகவும், அதை எடுத்துக்கொண்டு நேராகப் புகார் கொடுக்கப் போவதாகவும், இந்த விஷயத்தில் எங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டுமோ அங்கே வருவதாகவும் சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

முத்திரையை அவசரப்பட்டுக் குத்திவிட்டோம் என்று தாட்சாயிணிக்கு உறைத்தது. இருபத்தெட்டு வருடத்தில் மூன்றாவது தடவை. நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிய வெட்கம் அது. அந்த வெட்கத்தையும் சேர்த்து டாக்டரிடமே திருப்பினாள்.

"யாரும் கேக்கல. யாரும் கெஞ்சல. அட்டையில ஆயில்யம்னு வந்தது, கை தானா மாத்திடுச்சு. அப்பா பேரைக்கூடப் பாக்கல நீங்க. பழக்கம். கொசு அடிக்கிற மாதிரி."

வரதன்தான் முதலில் அசைந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறிவதில் ஆப்புகளெல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். எதற்கு இப்போது அவசரம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே லாவண்யாவின் முன்னாலிருந்த கடிதத்தின் மேல் கையை வைத்தார்.

லாவண்யா அவர் கையை ஒதுக்கினாள். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் 'நான் பதிந்த நேரம்: புதன், காலை 5.12' என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, பேனாவை மூடி டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள். "கவுன்சில்ல கேட்டா காட்டணும்."

"அப்படிப் போடு" என்றான் கஜபதி. "யக்கா, வெளிய காலண்டர்ல இன்னும் அஞ்சு தாள் பாக்கி கீது. போறப்ப கிழிச்சி உட்டுட்டுப் போவட்டா? பாவம், ஆஸ்பத்திரி இன்னும் போன வாரத்துலயே கீது."

அவர்கள் கதவருகே போனபோதுதான் ராஜகுமாரிக்குப் பேச்சு வந்தது. முதன்முறையாகக் குரல் உயர்ந்திருந்தது.

"எத்தனை பொண்ணுங்களோட கல்யாணத்தை நான் காப்பாத்தியிருக்கேன் தெரியுமா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது புரியாது. உங்க நட்சத்திரம் என்னன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

தாட்சாயிணி நின்றாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கரையான்சாவடிக் கடையில் சாயங்காலச் சரக்கு இறங்கும் நேரம்.

"ஆயில்யம்" என்றாள். "மாமியாருக்கு எண்பத்தொண்ணு. முறுக்கு கேட்டிருக்காங்க."